விடிந்ததும் அதே ஆப்தானா?

ராத்திரி சார்ஜில் போட்ட போன் காலையில் பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே ஓர் ஆப் மட்டும் சத்தமில்லாமல் வேறாகியிருக்கும். பிளே ஸ்டோர் ஆப்களுக்கு இது பழைய கதை. எஃப்-டிராய்டு போன்ற வெளிக்கடைகளிலிருந்து இறக்கியவையோ ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் மாறின: திரையில் ஒரு பெட்டி எழும், பொத்தானில் விரல் பட வேண்டும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, முதலில் நிறுவிய கடையே புதுப் பதிப்பையும் கொண்டுவந்தால் கேட்காமலே மாற்றிக்கொள்ள வழிவிட்டது. (அந்தப் பெட்டியை எத்தனை பேர் படித்துப் பார்த்து அழுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.)

மாறிய பிறகும் அது அதே ஆப்தானா? பௌத்த நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் நாகசேனர் என்ற துறவி, இரவெல்லாம் எரியும் விளக்கை மன்னன் மிலிந்தனுக்கு உவமையாகச் சொல்கிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. ஆண்ட்ராய்டுக்கு இந்த இழுபறியெல்லாம் கிடையாது. ஆப்புக்கு உள்ளே வைத்த பெயரும், அதை உருவாக்கியவர் இட்ட டிஜிட்டல் கையொப்பமும் பொருந்தினால் போதும். உள்ளே ஒரு வரி மிச்சமில்லாமல் மாறியிருந்தாலும் அதே ஆப். கையொப்பம் பொருந்தாவிட்டால், நிரலில் ஓர் எழுத்துகூட மாறாதிருந்தாலும் வாசலோடு சரி.

2023 இறுதியில் இந்தக் கணக்கு இடித்தது.

கேலரி, காலண்டர் என்று விளம்பரத் தொல்லையில்லாத ஆப்களைத் தந்துவந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ், ஜிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயர் அதே, ஆள் வேறு. திறந்த மூல நிரலாயிற்றே. வேறு சிலர் பழையதை எடுத்து ‘ஃபாசிஃபை’ என்ற பெயரில் தனியே வளர்க்கத் தொடங்கினார்கள். பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியஸின் கப்பலிலிருந்து கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது நிஜக் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். ஃபாசிஃபை அந்தப் பழைய பலகைக் கப்பல். போனுக்கோ அது முன்பின் தெரியாத ஆள். புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

பயனர் நம்பியது ஒரு மனிதரின் கைச்சுத்தத்தை. போன் சரிபார்ப்பது அவர் கையொப்பமிடும் சாவியை மட்டும். ஆப்பை விற்கும்போது சாவியும் சேர்ந்தே போகலாம். முதலில் நிறுவியபோது கொடுத்த சம்மதம் புது முதலாளிக்கும் செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை.

எஃப்-டிராய்டு பெரும்பாலும் மூல நிரலைத் தானே தொகுத்துத் தன் சாவியாலேயே கையொப்பமிடுகிறது. ஆப் விலைபோனாலும் அந்தச் சாவி கைமாறாது. பதிலுக்கு, புதுப் பதிப்பு வந்துசேரச் சில நாள் பிடிக்கும். பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வரும் பதிப்பும் அதே வரிசையில்தான் நிற்கிறது.