பாத்திரமும் ஊருணியும்

மணிமேகலைக் காப்பியத்தின்படி, அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருமுன் ஆபுத்திரனிடம் இருந்தது. மதுரை வீதிகளில் இரந்த சோற்றைக் கண் தெரியாதோர்க்கும் கால் இயலாதோர்க்கும் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்கியவன் அவன். தெய்வமான சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாள். வரம் தர வந்த இந்திரனை அவன் சிரித்து அனுப்ப, இந்திரன் விசித்திரமாகப் பழிவாங்கினான்: பாண்டிநாடெங்கும் மழை பெய்ய வைத்தான். பயிர் விளைந்தது, பசி போயிற்று, பாத்திரத்தின் முன் நிற்க ஆளில்லாமல் போயிற்று. பசித்தவர் உண்டா என்று ஊர் ஊராகக் கேட்டு அலைந்தவனை மக்கள் ஏளனம் செய்தார்கள். கடைசியில் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். படிக்கிறவர் மனம் ஆபுத்திரனுக்காகவே இளகும். பாண்டிநாட்டு ஏழையின் திண்ணையிலிருந்து பார்த்தாலோ, அந்த மழையைவிட நல்லது எதுவும் நடந்திருக்க முடியாது. அப்படியானால், கொடுப்பவனின் அறம் வாழ்வதற்காகப் பசித்தவன் ஒருவன் இருந்தாக வேண்டுமா? அரசின் நலத்திட்டங்களைப் பற்றி நாம் ஓயாமல் போடும் சண்டைக்கு அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

வள்ளுவர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். ஈகைக்கு அவர் தனி அதிகாரம் வைத்தார். அதற்கு முன்பே ஒப்புரவுக்கு ஒன்றை வைத்தார். ஒப்புரவு அதிகாரம் மழையில் தொடங்குகிறது; ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், மருந்து மரம் என்று போகிறது. எல்லாம் பொதுவில் நிற்பவை; எவர் முகத்தையும் பார்க்காதவை. ஈகையில் ஒரு கை மேலும் ஒரு கை கீழும் இருந்தாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஈகையைப் புகழ்ந்த அதே நூல் இரவச்சம் என்று ஓர் அதிகாரம் முழுக்க, கையேந்தும் நிலையின் கொடுமையைப் பேசுகிறது. நலத்திட்டத்தை ஈகையின் கணக்கில் எழுதுவதுதான் நம் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்பேன். அது ஒப்புரவின் கணக்கில் வர வேண்டியது. வெட்டியவர் யாரென்று தெரியாமலே ஊர் குடிக்கும் தண்ணீர் அது.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல் சோறிட்ட பெருங்கருணை அது. 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. தொடக்கக் கல்வி நிதியில் இந்தச் செலவுக்கு இடமில்லை என்று அரசு சொல்ல, 1925-இல் அந்த அடுப்பு அணைந்தது. ஏன் என்று கேட்க அந்தப் பிள்ளைகளிடம் எந்தச் சட்டமும் இல்லை. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. நடுவே 2001-இல், சமைத்த உணவை அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிதோறும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. கருணை அன்று கடமையாயிற்று. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. தனியார் அன்னதானத்தில் யார் சமைக்கலாம் என்பது கொடுப்பவரின் விருப்பம்; சத்துணவுக் கூடத்தில் அப்படி இல்லை. பலன் தட்டோடு முடிவதும் இல்லை. பள்ளியில் மதிய உணவு கிடைத்த தலைமுறைப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருப்பதாக இந்தியத் தரவுகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்பது முதல் மறுப்பு. “அரிசிதான் சும்மா கிடைக்குதே, வேலைக்கு எவன் வர்றான்” என்று டீக்கடையிலும் கேட்கலாம், தொழிலதிபர் கூட்டத்திலும் கேட்கலாம். வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழு பண உதவித் திட்டச் சோதனைகளை அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் மறுபடி அலசினார்கள். உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் புலம்பலில் ஓர் உண்மை உண்டு. வீட்டில் இருபது கிலோ அரிசி இருக்கிறவர் கேட்ட கூலிக்கெல்லாம் தலையாட்ட மாட்டார். பசி பேரம் பேசாது, பசியில்லாதவர் பேசுவார். கூலி கொடுப்பவருக்குச் சோம்பலாகத் தெரிவது, வேலை செய்பவருக்கு முதன்முறையாக வாய்த்த “முடியாது” என்ற சொல்.

இரண்டாவது மறுப்பு சமயத்தின் பக்கமிருந்து வருகிறது; அது இன்னும் ஆழமானது. வரியாகப் பிடுங்கியதில் புண்ணியம் ஏது? அரசே கொடுத்துவிட்டால் மனிதர் மனத்தில் ஈரம் வற்றிவிடாதா? இஸ்லாத்தில் இதற்கு நெடுங்காலமாகவே விடை இருக்கிறது. ஜகாத் கட்டாயக் கடமை. சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை. செல்வத்தில் ஏழைக்கு உரிமையுள்ள பங்கு அது. அதைக் கொடுத்த பிறகும் விரும்பிக் கொடுக்கும் சதக்கா தனியே நிற்கிறது. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. பசிக்குச் சோறு சட்டத்தின் வழியே வரட்டும். மரணப் படுக்கையில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எந்தச் சட்டமும் நம்மிடமிருந்து பறிக்கப்போவதில்லை. மேலும், வாங்குபவரும் வரி கட்டுகிறவர்தான். சோப்பு, தீப்பெட்டி, செல்போன் ரீசார்ஜ் என்று எதை வாங்கினாலும் அவர் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். டாஸ்மாக் கடையில் கணவன் செலவழித்த கூலியில் ஒரு பகுதி கருவூலம் சுற்றி மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது என்பது நம் மாநிலத்தின் கசப்பான கணக்கு. ஒரு கையால் குடும்பத்தைக் கரைத்து மறு கையால் தாங்குவதை அறம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை யாரோ போட்ட பிச்சை என்று மட்டும் சொல்லவே முடியாது.

மிஞ்சுவது நலத்திட்டத்தின் சொந்தக் குற்றம்: ஊருணியாக வெட்டியதை அதுவே அவ்வப்போது ஓடாக மாற்றிவிடுகிறது. இலவசம் என்ற சொல் விலையில்லா என்றாகி, 2023-இல் மகளிர் உரிமைத் தொகை என்றானது. சொல் நிமிர்ந்துவிட்டது, நடப்பு இன்னும் நிமிரவில்லை. பையிலும் மடிக்கணினியிலும் தலைவர் படம் சிரித்தபோது, பொதுப் பணம் வள்ளல் ஒருவரின் கொடையாக வேடம் போட்டது. உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெற வருமானம், நிலம், மின் பயன்பாடு என்று ஏழ்மையைப் படிவத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. ரேஷன் கடையில், ஆயுள் முழுக்க நாற்று நட்டுத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது, “ரேகை விழல, நாளைக்கு வாங்க பாட்டி” என்ற ஒரு வாக்கியம் உரிமையை இரத்தலாக்கிவிடுகிறது. இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. 1997-இல் நாடு முழுவதும் வறுமைக்கோடு கிழித்து ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு அரிசியை எல்லோருக்குமாகவே வைத்துக்கொண்டது. வசதியானவரும் வாங்கலாம் என்பது வீண் செலவாகத் தெரியும். ஆனால் எல்லோருக்கும் உரிய வரிசையில் நிற்பவரை யாரும் ஏழை என்று சுட்ட முடியாது.

ஆகவே, ஒரு நலத்திட்டம் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதோடு, வாங்கியவர் எப்படித் திரும்பிப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். மதிய மணி அடித்ததும் தட்டை நீட்டிச் சோறும் முட்டையும் வாங்கி, வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டு ஓடும் பிள்ளை யாருக்கும் கும்பிடு போடுவதில்லை. அதன் நினைப்பெல்லாம் அடுத்த விளையாட்டில்.