மூப்பும் வில்லும்

உயிர்கட்கு இறைவன் மாயையினின்றும் கூட்டிய தனு கரண புவன போகங்கள் நான்கனுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது தனுவாகிய உடம்பு. தமிழெழுத்தில் எழுதுமிடத்துத் தனு என்னுஞ்சொல் வில்லுக்கும் பெயராய் நிற்கும். வடமொழியில் இவை வெவ்வேறு எழுத்தான் இயன்ற வெவ்வேறு சொற்களேயாயினும், தமிழிற் கற்பார்க்கு இவ்வொப்புமை ஒரு நயமாய்த் தோன்றும். ஓர் ஆராய்ச்சிக்கும் இடந்தரும். வில் வேடனுக்குக் கருவி. உடம்பு உயிர்க்குக் கருவி. வேடன் மூப்பெய்துங்கால் இவ்விரு கருவிகளும் ஒன்றனோடொன்று பொருந்தாதொழிகின்றன. அந்நிலையில் அவன் செயற்பாலது யாது? இளமையில் ஈர்த்த வில்லையே இறுதிகாறும் ஈர்ப்பேன் என்று நிற்றல் ஆண்மையாமா? மெல்லிய வில்லைக் கைக்கொள்ளுதல் தோல்வியாமா? இவ்வினாக்கள் வேடர்க்கு மட்டுமே உரியன போலத் தோன்றினும், ஆணவமலத்தின் தொழிலை அறிந்துகொள்ளுதற்கு நல்லதோர் உரைகல்லாக அமைவன.

வில்லின் வன்மையை மேனாட்டார் இராத்தற் கணக்கில் அளப்பர். நாணை 28 அங்குலம் வரை ஈர்த்து நிறுத்துங்கால் கை தாங்கும் பாரம் எத்துணை இராத்தலோ, அத்துணை அவ்வில்லின் இழுவிசை எனப்படும். ஆகவே, 50 இராத்தல் என்று பொறிக்கப்பட்ட வில்லும் அவ்வளவு ஈர்த்தாலன்றி 50 இராத்தலாகாது. ஓரங்குலம் குறைய ஈர்ப்பின் ஏறக்குறைய இரண்டு மூன்று இராத்தல் குறைந்துபோம். மக்களுடம்பில் நடுவயதிற்குப்பின் தசை சிறிது சிறிதாகக் குறைதலும், அறுபதின்மேல் அக்குறைவு விரைதலும், தோள்மூட்டைச் சூழ்ந்த தசைநார்கள் தேய்தலும் மருத்துவர் கண்ட உண்மைகள். இவற்றால் முதியோன் தன்னையறியாமலே நாணைக் குறைய ஈர்க்கின்றான். நாண் கன்னத்தை எட்டுமுன்னரே விரல் நெகிழ்ந்துவிடுகின்றது. எட்டினும் அங்கு நில்லாது முன்னோக்கி ஊர்கின்றது. 50 இராத்தல் வில்லைக் கைவிட்டிலேன் என்று அவன் மகிழ்கின்றான். அவ்வில்லோ அவன் கையில் 45 இராத்தலாய் நிற்கின்றது. முழு ஈர்ப்புக்கென்று விறைப்புப் பார்த்துத் தேர்ந்த அம்பு, குறைந்த ஈர்ப்பில் நேரே செல்லாது பக்கம் சாய்கின்றது. மரவில்லும் மூப்புக்கு விலக்கன்று. பல்லாண்டு வளைந்த மரம் நாண் கழற்றிய பின்னும் சிறிது வளைந்தே நிற்கும். அதன் விசையும் தளரும். வில்லும் வில்லியும் ஒருங்கே மூத்து, ஒன்றனையொன்று இளமையென்று நம்பியிருத்தல் உலகத்திற் காணக்கூடிய வேடிக்கைகளுள் ஒன்று.

இஃது அவனோடு ஒழிவதாயின் வேடிக்கையென்றே விடலாம். ஒழிவதன்று. இலக்குப்பலகையிற் பட்ட பிழையம்பைப் பிடுங்கிக் கொள்ளலாம். மானின் வயிற்றிற்பட்ட பிழையம்பை எவர் பிடுங்குவர்? நெஞ்சிற் பாய்ந்து கணத்தில் உயிர்போக்க வேண்டிய அம்பு, ஓரங்குலக் குறைவினால் வயிற்றில் தைத்து, அவ்விலங்கை ஓரிரவும் ஒருபகலும் புதரிற் கிடந்து துடித்துச் சாகச் செய்யும். கொல்லாமையே தலையாய அறமென்று கொண்ட சைவர்க்கு வேட்டையே உடன்பாடன்று. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அது பொதுவில் விலக்கவும் பட்டது. ஆயினும், வேட்டை குலத்தொழிலாகவோ விதிக்குட்பட்ட வழக்காகவோ உள்ளவிடத்து, கொலையினுங் கொடிதாய கொலையொன்று உண்டு என்பதையும், அதற்குக் காரணம் சிலபோது வேடன் தன் வயதை ஒப்புக்கொள்ளாமையே என்பதையும் மறுத்தல் இயலாது. ஒருவன் தன்னைப்பற்றிக் கொண்ட பொய்யெண்ணம் பிறிதோருயிரின் வயிற்றிற் புண்ணாகின்றது.

இளமையில் வில்லின் பாரத்தை ஏற்றுதலைப்பற்றிப் பலரும் நன்கு பேசியுள்ளனர். இங்கிலாந்தில் ஹியூ லாட்டிமர் என்னும் பாதிரியார் 1549-இல் ஆறாம் எட்வர்டு மன்னன்முன் நிகழ்த்திய சொற்பொழிவில், தம் தந்தையார் தமக்கு வில் பயிற்றியதை நினைவுகூர்ந்தார். கையின் வலியால் மட்டும் ஈர்க்காது உடம்பின் வலியெல்லாம் வில்லிற் செல்ல ஈர்க்கவேண்டுமென்று கற்பித்ததும், வயதுக்கும் வலிக்கும் ஏற்ப வில் வாங்கித் தந்து, வளரவளரப் பெரிய வில்லாக மாற்றியதும் ஆண்டுச் சொல்லப்படும். அந்நாட்டுப் போர்க்கப்பலாகிய மேரி ரோஸ் 1545-இல் மூழ்கி 1982-இல் எடுக்கப்பட்டபோது அதனுட் கிடைத்த விற்களிற் பெரும்பாலன 100 இராத்தலுக்கு மேற்பட்டன என்று மதிப்பிடுவர். இளமைதொட்டுப் படிப்படியாக ஏறினாலன்றி அத்தகைய வில்லை ஈர்த்தல் எவர்க்கும் கூடாது. ஏறும் படியைச் சொன்ன அச்சொற்பொழிவு இறங்கும் படியைச் சொல்லிற்றில்லை. ஏறுதற்கு ஆசிரியர் வேண்டும். இறங்குதற்கும் வேண்டுமென்பதை உலகம் எளிதில் நினையாது.

இறங்கும் முறை அறிதற்கு அரிதன்று. காலையில் உடல் சூடேறுமுன், ஒரே முறை முழுதும் ஈர்த்து, கை நடுங்காது சிறிதுபோது நிறுத்தக் கூடுமாயின் அவ்வில் ஒருவனுக்குத் தக்கது. முப்பது அம்பு எய்து உடல் பழகியபின் ஈர்க்க முடிதல் அளவையாகாது. காட்டில் விலங்கு முப்பதாம் அம்புவரை காத்திராது. இந்நிலை கூடாதபோது மெல்லிய வில்லைத் தேரலாம். மரவில்லாயின் அதன் உட்புறத்தை மெல்லச் சீவி இழுவிசையைக் குறைக்கலாம். சீவிய மரம் மீளாதாகலின் அதனைச் செய்யும் கை நெடுநேரம் தயங்குதல் இயல்பே. வில்லை மாற்றினால் அம்பையும் அதற்கியைய மாற்றவேண்டும். கூரை நன்கு தீட்டி, பளுவான அம்பைக் கொண்டு, முன்னையினும் அணுகி நின்று எய்யவேண்டும். கலிபோர்னியாவில் யாஹி என்னும் மரபினருள் எஞ்சி நின்ற கடைசி மனிதர் ஒருவர் 1911-இல் வெள்ளையரிடை வந்தார். இஷி என்று அழைக்கப்பட்ட அவர்க்கு மருத்துவராய் இருந்த சாக்ஸ்டன் போப் என்பார், அவரிடம் வில்வித்தை கற்று 1923-இல் நூலொன்று வெளியிட்டார். இஷியின் வில் ஏறக்குறைய 45 இராத்தலே என்று அவர் குறிக்கின்றார். அவ்வில்லைக் கொண்டு அவர் ஒளிந்திருந்து, முயற்குட்டியின் குரலெழுப்பி விலங்கைத் தம்பால் வருவித்து, அண்மையில் எய்தார். வேட்டைக்கு முன்னாள் மீனுண்ணாமை, புகைபிடியாமை, விடியலில் நீராடல் முதலிய ஒழுக்கங்களையும் காத்தார். வில்லின் பாரம் குறைந்தவிடத்துப் பொறுமையும் ஒழுக்கமும் அதனை நிரப்பின என்க.

ஆயினும் இவ்விறக்கத்திற்கு ஓர் எல்லையுண்டு. அமெரிக்க மாகாணங்கள் சிலவற்றில் மான் வேட்டைக்குரிய வில் 35 அல்லது 40 இராத்தலிற் குறைதலாகாதென்று விதி செய்துள்ளனர். அதனிற் குறைந்தால் அம்பு உள்ளே பாய்வது ஐயப்படும் ஆகலின், அவ்வெல்லையை அடைந்த முதியோன் இன்னும் மெல்லிய வில்லைத் தேடாது வேட்டையையே விடற்பாலன். வில்லைக் குறைத்தல் ஒரு படி. வில்லை வைத்துவிடுதல் அதன்பின்னதாகிய படி.

இனிச் சித்தாந்த நெறிபற்றி இதனை நோக்குவாம். தோள் மெலிதல் குற்றமா எனின், அன்று. இவ்வுடம்பு பிராரத்தத்தை நுகர்தற்கென வந்தது. அது வளர்தலும் தேய்தலும் அப்பிராரத்தத்தின் வழியன. ஆனால், மெலிந்த தோளொடு பழைய வில்லையே பற்றி நிற்றல் பிராரத்தத்தின்பாற் படாது. அஃது இப்பொழுது இவன் யான் எனது என்னுஞ் செருக்கொடு செய்யும் புதுவினை, ஆகாமியத்திற் சேர்வது. மூப்பினால் வந்தது என்று விதியின்மேல் ஏற்றற்கு அதனில் இடமில்லை. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல்போல உயிர் சார்ந்ததன் வண்ணமாதலின், பல்லாண்டு வில்லைச் சார்ந்தவன் அதன்மேற் பொறித்த எண்ணையே தன் தன்மையாகக் கொள்கின்றான். ‘யான் 50 இராத்தல் வில்லாளன்’ என்கின்றான். 40 இராத்தல் வில்லை நீட்டினால், வில் குறைந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. தானே குறைந்ததாகத் தோன்றுகின்றது. ‘இவ்வில் எனக்குப் பாரம்’ என்று அறியும் அறிவு வில்லினுடையதன்று, தோளினுடையதுமன்று. இரண்டையும் வேறாக நின்று காணும் உயிரினுடையது. அவ்வறிவு விளங்குமிடத்து வில் குறையலாம், தோள் குறையலாம்; அறிகின்றவன் குறைந்தானல்லன்.

ஆனால் அவ்வறிவு தானே எளிதின் விளங்குவதில்லை. ஆணவம் பிறபொருளை மறைப்பதோடு அமையாது தன்னையும் மறைத்து நிற்குமென்பது சித்தாந்தம். குறைய ஈர்ப்பவனுக்குத் தன் ஈர்ப்பின் குறை தெரியாது. அவன் கண் இலக்கின்மேல் உள்ளது. பக்கத்தில் நிற்பவனுக்கே நாண் கன்னத்தை எட்டாமை தெரியும். விற்பயில்வோர் தோழனொருவனைப் பக்கலில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுதற்குக் காரணம் இதுவே. ஞானநூல்கள் குருவின் இன்றியமையாமையை வற்புறுத்துதலும் இதனொடு சேர்த்தெண்ணற்பாலது.

அற்றேல், அடியார் பலர் உடம்பின் தளர்ச்சியை ஒரு பொருட்டாக எண்ணாது நின்றமை என்னை? அப்பரடிகள் கயிலைச் செலவில் கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், பின் புரண்டும் சென்றனரன்றோ? முனிவராய் எதிர்வந்த இறைவன் மீள்கவென்றபோதும் மீளேன் என்றனரன்றோ? இத்தடை வலியுடையது, எளிதின் விடற்பாலதன்று. இதற்கு விடை இருவகையாற் கூறலாம். அடிகள் தேய்த்தது தம் உடம்பை. பிறிதோருயிர் அதனால் வருந்திற்றில்லை. முதிய வேடன் தேய்ப்பது தன் தோளை மட்டுமன்று. அன்றியும், அடிகள் விடாது பற்றியது காண்டல் என்னும் குறிக்கோளை, காணும் வழியையன்று. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிற் காண்க என்று அருளியபோது அவ்வழியை ஏற்றனர். கயிலை மலைமேலன்றிக் காணேன் என்று நின்றாரல்லர். தண்டியடிகள் வரலாறு இதனை இன்னும் தெளிவிக்கும். கண்ணில்லாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டத் துணிந்தபோது, குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்சுமந்தார். திருப்பணியை அணுவளவும் குறைத்தாரில்லை. கருவியை மட்டும் தம் நிலைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். கயிறு பிடித்தல் இழுக்கு என்று அவர் கருதியிருப்பின் குளம் அகன்றிராது.

இதன் மறுதலையும் உண்டு. ஈர்க்க வல்லவனே சோம்பல் மிகுதியால் மெல்லிய வில்லை எடுத்து, அதற்கு அடக்கம் என்று பெயரிட்டுக் கொள்ளலாம். அதுவும் தன்னை ஏமாற்றலே. இரண்டற்கும் அளவை இலக்கேயன்றி, வில்லியின் பெருமிதமுமன்று, அவன் வசதியுமன்று. திருமுறை ஓதும் ஓதுவார் மூத்தபின் சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பாடுதலை யாவரும் கண்டிருப்பர். இளமைச் சுருதியிலேயே நின்று குரலுடைப்பாரையும் கண்டிருப்பர். பாடற்கு எதனால் நன்மையென்பது கேட்டவர்க்குத் தெரியும்.

வில்லை விடாதவர்க்கு ஓர் எடுத்துக்காட்டும் விட்டவர்க்கு ஓர் எடுத்துக்காட்டும் நூல்களில் உள்ளன. வேடனாய் வந்த பெருமானிடம் பாசுபதம் பெற்ற அருச்சுனன், கண்ணபிரான் மறைந்தபின் துவாரகைப் பெண்டிரை அழைத்துவரும் வழியில் கள்வர் சூழ்ந்தபோது, காண்டீவத்தை அரிதின் நாணேற்றினான், தெய்வப்படைகள் நினைவில் வாரா, அம்புகளும் தீர்ந்தன. அதன்பின்னும், நாடு துறந்து இறுதிச் செலவு மேற்கொண்டபோதும், அவ்வில்லை விலைமதிப்புடைய பொருளென்னும் ஆசையால் உடன் கொண்டு சென்றான் என்று மாபாரதம் கூறுகின்றது. அக்கினி எதிர்நின்று கேட்டபின்னரே நீரில் எறிந்தான். உலகம் புகழ்ந்த வில்லாளிக்கும் நாட்டையும் மகுடத்தையும் விடுதலினும் வில்லை விடுதல் அரிதாயிற்று.

பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர்கோனாகிய நாகன் கதை வேறு. எழுத்தறியாத, கொலையே தொழிலாகிய அவன் செய்ததைச் சேக்கிழார் பெருமான் ஆற அமரக் கூறுகின்றார். மூப்பினால் வேட்டைத் தொழிலில் அவன் முயற்சி குன்ற, காட்டுவிலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழித்தன. மலைவாணர் வந்து முறையிட்டனர். அவன் அவரைச் சினந்தானில்லை. நாளையே வருவேன் என்று பொய்யும் கூறினானில்லை. மூப்பினால் முன்போல் வேட்டையில் முயல வல்லேனல்லேன், என் மகனைத் தலைவனாகக் கொள்ளுமின் என்றான். திண்ணென்றிருந்தமையால் திண்ணன் என்று தானே பெயரிட்ட மகனை அழைத்து, உடைதோலும் சுரிகையும் அளித்து, கன்னி வேட்டைக்கு விடுத்தான். புனம் காக்கப்படவேண்டும், அதனைத் தன் தோள் இனிக் காவாது என்னும் இரண்டையும் ஒருங்கே கண்டமையால், வில்லைக் குறைத்துக்கொண்டு தலைமையில் தங்க அவன் நினைக்கவில்லை.

அவ்வேட்டையிற் பன்றியொன்று ஓடிற்று. அதனைப் பின்தொடர்ந்த திண்ணனார் திருக்காளத்திமலையைக் கண்டார். நாகன் வில்லை வைத்திராவிடின் அவர் அன்று அக்காட்டிற் புகுந்திருத்தல் அரிது. தன் செயலுக்கு இப்பயன் வருமென்று நாகன் அறியான், அறிந்தபோது பொறுத்தானுமில்லை. நாணனும் காடனும் சொல்லக் கேட்டு, தேவராட்டியோடும் மலைக்கு வந்து, மகனை மீட்கப் பல வகையாலும் முயன்றான். முடியாதபோது வருந்திப் போயினான். வில்லை எளிதின் விட்டவனுக்கு மகனை விடுதல் கூடவில்லை. பற்று ஓரிடத்தில் நெகிழ்ந்தமை கொண்டு எல்லாவிடத்தும் நெகிழ்ந்ததென்று கொள்ளலாகாது என்பதற்கு அவனே சான்று.

திண்ணனார் இரவெல்லாம் கையில் வில்லேந்திக் குடுமித்தேவரைக் காத்து நின்றார். ஆறாம் நாள் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்டபோது, வில்லும் அம்பும் எடுத்து, இதனைச் செய்தவர் யாரென்று மலைச்சாரலெங்கும் தேடினார். ஒருவரையும் காணாது மீண்டார். பின்னர் அம்பொன்றால் தம் கண்ணை இடந்து அப்பினார். அவ்வம்பு நாணிற் பூட்டப்பட்டதன்று. அவர் அதனைக் கையாலேயே பிடித்திருந்தார்.