அறிவின் படியும் உயிரின் மதிப்பும்

கானமயிலும் கடல் அட்டையும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒருசேர இடம்பெற்றவை. ராஜஸ்தானில் மின்கம்பியில் மோதி மடியும் கானமயிலுக்காகப் பதைக்கிறோம். மன்னார் வளைகுடாவில் மணலை விழுங்கி, அதில் படிந்த மக்கலை உண்டு, மணலைத் தூய்மையாக வெளியேற்றும் கடல் அட்டைக்காக வருந்துவோர் சிலரே. அதற்கு மூளையில்லை, முகமில்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. ஆனால் அது புலன்களின், மனத்தின் கணக்கு. வாழும் உரிமையின் கணக்கன்று.

வலியை மிகுதியாக உணரும் பறவையின் உயிரே பெரிது என்பர் சிலர். வலியறியும் உயிரிடம் கூடுதல் கனிவு வேண்டும் என்பது சரிதான். அதற்காக வலியறியாததை அடியோடு அழிக்க நமக்கு உரிமை வந்துவிடாது. கானமயில் பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும், கடல் அட்டையோ லட்சக்கணக்கில் இடுமே என்றும் கேட்கலாம். ஆனால் கடல் அட்டையின் கருமுட்டையும் விந்தும் கடல்நீரில்தான் கலக்கின்றன. அட்டைகள் அருகித் தொலைவில் சிதறினால் கருமுட்டையும் விந்தும் சந்திப்பதே அரிது. கடல் அட்டை பிடிக்க 2001இல் வந்த தடையால் மீனவர் பிழைப்பு நொடிந்தது உண்மை. அந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றாமல் சமூகமே பகிர வேண்டும். நம்மைப் போலிருப்பதற்கு மட்டும் இரங்குவது அறமாகாது.