நீத்தார் கடன்

வட்டிக்கு வாங்கிய பணத்தையும் கடன் என்கிறோம். செய்தே தீரவேண்டிய கடமையையும் கடன் என்கிறோம். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வகுத்துரைப்பது இரண்டாம் பொருளில். ஒருவர் மறைந்தபின் மைந்தர் செய்யும் கிரியைக்கும் நீத்தார் கடன் என்றே பெயர். அவ்வாறாயின், மறைந்தவர் கைச்சாத்திட்டு வாங்கித் திருப்பித் தராமற்போன பணம் எந்தக் கடன்? பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்போது, வாசலில் தயங்கி நிற்கும் கடன்காரரைக் கண்டு, ‘அப்பா வாங்கியதை நான் ஏன் அடைக்கவேண்டும்?’ என்று மகன் கேட்டால் அதற்கு மறுமொழி என்ன?

பழைய தரும நூல்களின் விடை ஐயத்துக்கு இடமற்றது. கடனோடு இறந்தவனுக்கு மறுமையில் நற்கதி இல்லை. ஆகவே மைந்தன் அடைக்கவேண்டும். ஆயினும் எல்லாக் கடனையும் அன்று. கள்ளுக்கும் சூதுக்கும் காமத்துக்கும் பட்ட கடனும், கட்டாது விட்ட தண்டமும், பயனற்ற ஈகைக்குச் சொன்ன சொல்லும் மைந்தனைப் பற்றா. இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கடமை மகன் தந்தைக்குப் பட்டதேயன்றிக் கடன் கொடுத்தவருக்குப் பட்டதன்று. தந்தையின் உயிர் கரையேற வேண்டும் என்பதே நோக்கம். செட்டியாரின் பெட்டி நிறைவது அதன் பக்கவிளைவு. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் இந்தப் பக்கவிளைவையே மையமாக்கின. மறுமையைப் பற்றிய கோட்பாடு வசூல் முறையாயிற்று. பம்பாய் மாகாணத்தில், தந்தையிடமிருந்து ஒரு காசும் வாராத மகன்கூடப் பொறுப்பாளி என்று கொள்ளப்பட்டது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால்தான் அங்கே வாரிசின் பொறுப்பு, வந்த சொத்தின் அளவோடு நின்றது.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இக்கதையில் தனியிடம் உண்டு. கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பெற்று, 1976 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஏற்படும் தந்தையின் கடனுக்காக, மகன் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அவன்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்று அது விதித்தது. முன்பே பட்ட கடன்களை மட்டும் பழைய வழியில் விட்டுவைத்தது. இதே விதி நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள்! தென்காசியில் இருந்த பெரியப்பா மகனைத் தந்தையின் கடன் புனிதக் கடமை என்ற பெயரால் பற்றியது. பஜார் ரோட்டில் அரிசி மண்டி நடத்திய சித்தப்பா மகனைப் பற்றவில்லை. தந்தையர் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே குலதெய்வத்தை வணங்கியவர்கள். புனிதம் என்பது ஒரு மாநில எல்லையில் நின்றுவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் கைவிட்டது வழக்குரிமையை மட்டுமே. புனிதத்தை ஆராய்வது அதன் வேலையன்று.

இன்றைய நிலை வருமாறு. இறந்தவரின் கடன் அவர் சொத்தைத் தொடர்ந்து செல்லும். வாரிசின் உழைப்பைத் தொடர்ந்து செல்லாது. கைக்கு வந்த சொத்து எவ்வளவோ அவ்வளவுக்கே வாரிசு பதில் சொல்லவேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். மகளுக்கும் மனைவிக்கும் இதே அளவுதான். தாயின் சீதனத்தைத் தந்தையின் கடன்காரர் தொடமுடியாது. (நம் வீடுகளில் ‘அப்பா பேர் கெடக்கூடாது’ என்று முதலில் வளையலைக் கழற்றுபவள் அந்தத் தாய்தான் என்பது வேறு செய்தி.) தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொகை, இறந்தவரின் கடன் எதுவும் ஒட்டாமல் நியமனம் பெற்றவரைச் சேரும். மனைவி மக்களின் நன்மைக்கென 1874ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த ஆயுள் காப்பீடும் அவ்வாறே.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயிலை நிறைவேற்றுபவர் எந்த வரிசையில் பணம் தரவேண்டும் என்று சொல்லுமிடம் என் உள்ளத்தைத் தொட்டது. முதலில் ஈமச்செலவு, அடுத்து நீதிமன்றச் செலவு. அதன்பின் சாவுக்கு முந்திய மூன்று மாதங்களில் இறந்தவருக்கு உழைத்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலி. இவற்றுக்குப் பின்னரே மற்றக் கடன்கள். அவற்றுக்குள் பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி விகிதப்படி பங்கு. உயிலில் எழுதிய கொடைகள் அனைத்துக்கும் பிறகு. கொச்சிக்கோட்டையின் வண்ணான் துறையில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றனர். இறந்தவர் அவர்களுக்குத் தரவேண்டிய மூன்று மாதக் கூலி, மிளகு வணிகரின் ஈடில்லாப் பெருங்கடனுக்கும் முன்னே வந்து நிற்கும் தகுதியுடையது. சட்டப் புத்தகத்தில் இத்தகைய இரக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்த வண்ணாருக்குக் கணக்கு ஏது? சுவரில் கரிக்கோடு. கைமாற்றுக்குப் பத்திரம் ஏது? வழக்கின் தொல்லை தொடங்குவது இங்கேதான். வங்கி, வீட்டை ஈடாக வாங்கியிருக்கிறது. அதற்குச் சட்டம் போதும், நம் மனச்சாட்சி வேண்டியதில்லை. நட்பை நம்பி ஐயாயிரம் கொடுத்த அடுத்த வீட்டுக் கைம்பெண்ணுக்கு நம் மனச்சாட்சியைத் தவிர வேறு நீதிமன்றம் இல்லை. மேலும், கொடுத்த பணத்தைக் கேட்டு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை காலாவதியாகும். அப்போதும் அழிவது வழக்குத் தொடுக்கும் வழி மட்டுமே, கடன் அழிவதில்லை என்பது சட்டவியலார் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட கருத்து. அப்படியானால் அந்தக் கடன் எங்கே போய் இருக்கிறது?

இவ்வூரில் முஸ்லிம் அன்பர் வீட்டு இறுதித் தொழுகைக்குச் சென்றவர்கள் கேட்டிருப்பார்கள். அடக்கத்துக்கு முன் மகன் கூட்டத்தை நோக்கி, ‘என் தந்தை எவருக்கேனும் தரவேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், முடிந்தால் பொறுத்தருளுங்கள்’ என்று சொல்வான். அந்தச் சமயத்தில் அடக்கச் செலவு, கடன், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத உயில், பிறகே வாரிசுப் பங்கு என்பது முறை. நம்மிடையே பதினாறாம் நாளன்று தலைப்பாகை கட்டுவதற்கு ஆள் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியம் சொல்ல ஆள் இல்லை.

அதற்காக, ஒன்றும் பெறாத இளைஞனைக் கடன்காரர் கையில் ஒப்படைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தந்தை மிளகு விலை ஏறும் என்று நம்பி இழந்தார். மகன் வளைகுடாவில் பத்தாண்டு உழைத்து அதை அடைக்கவேண்டுமா? வேண்டாம். வட்டியையே வாழ்வாகக் கொண்டவர், இழப்பையும் கணக்கிட்டே வட்டி வாங்கினார். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் 1826இல் அச்சகமும் பதிப்பகமும் நொடித்து, ஏறத்தாழ 1,20,000 பவுண்டு கடனுக்கு ஆளானார். எழுதி எழுதி அடைத்து, 1832இல் இறந்தார். மிச்சத்தை அவர் நூல்கள் அடைத்தன. அது தாமே ஏற்ற சுமை. பிறர் தோளில் அதை ஏற்றும் உரிமை ஊராருக்கு இல்லை. ஆனால் வீட்டையும் நகையையும் அவசரமாகப் பங்கிட்டுக்கொண்டு, கடன்காரர் வந்தபின் ‘எனக்கொன்றும் தெரியாது’ என்பவன் வேறு வகை. பங்கு பிரிந்த பிறகும் கடன்காரர் அந்தச் சொத்தைத் தொடர்ந்து செல்லலாம் என்று 1925ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

இதில் பாதிச் சிக்கல் இறந்தவர் உண்டாக்கியது. யாருக்கு எவ்வளவு என்பதை வீட்டாரிடம் சொல்வதை அவமானமாக எண்ணி மறைக்கிறோம். வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் ஓட்டியவர்; 1908இல் சிறை புகுந்து, மீண்டு, வறுமையில் வாழ்ந்து, 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார். அதற்குமுன் அவர் எழுதுவித்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டியிருந்த சில்லறைப் பாக்கிகளும் குறிக்கப்பட்டிருந்தன. கப்பலில் இழந்ததை அவர் எவரிடமும் கேட்கவில்லை. கடைப் பாக்கியை எழுதாமல் விடவுமில்லை.