கை அறிந்ததை மனமும் அறியட்டும்

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடும். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மைக் மார்ஷல் அவற்றில் 106 ஆட்டங்களில் பந்தெறிந்தார். அதிலும் 13 ஆட்டங்கள் தொடர்ச்சியாக! பாதி ஆட்டத்தில் இறங்கும் மாற்று எறிவீரர் ஒருவர், சிறந்த எறிவீரருக்கான சை யங் விருதை வாங்கியது அதுவே முதல் முறை.

'இரும்பு மனிதர்' என்று ஊர் வியந்தது. மார்ஷல் அந்தப் புகழோடு நின்றுவிடவில்லை. தான் எறிவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, முழங்கை எப்படித் திரும்புகிறது, தோள் எங்கே இழுபடுகிறது என்று ஆராய்ந்தார். ஆட்டமில்லாத மாதங்களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1978-இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, முனைவர் பட்டமும் பெற்றார். பிற்பாடு கல்லூரியில் பாடம் நடத்தினார். இளைஞர்களுக்குப் பந்தெறியவும் பழக்கினார். அவருடைய முறையைத் தொழில்முறை அணிகள் பெரிதாக ஏற்கவில்லை. அதற்காக அவர் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடவும் இல்லை.

கைத்திறன் வயதோடு தளரும். அந்தத் திறன் ஏன் வருகிறது, எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டவரால்தான் அதை அடுத்தவருக்குக் கொடுக்க முடியும்.

தையலோ, சமையலோ, கணக்கோ, உங்களுக்கு நன்றாகக் கைவந்த ஒரு வேலையை இன்று யாருக்காவது விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கிருந்துதான் உங்கள் அடுத்த பாடம் தொடங்குகிறது.