யந்திரமும் ஆத்துமமும்



"காலம் மாறிப்போயிற்று சுவாமி, வேதம் மட்டும் மாறாமல் இருக்கலாமா?" என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை நம் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசிலேயே தேடுவோம்.

வானம் பார்த்த கரிசல் பூமி இது. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அப்போதெல்லாம் அநேக வீடுகளில் உலை கொதித்தது தீப்பெட்டிக் கூலியால். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண்களின் கைவேலையாக இருந்தன. பின்பு யந்திரம் வந்தது. பல கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

அப்படியானால் பழைய காலம் புண்ணிய காலமோ? பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் இருட்டோடு எழுந்து கட்டை அடுக்கப் போனதும் அந்தக் காலத்தில்தானே! சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில், அபாயமான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆகவே பழையது எல்லாம் நல்லதாகாது. புதியது எல்லாம் கெட்டதுமாகாது. இரண்டையும் அளக்க ஒரே படி உண்டு: சர்வேசுரன் தமது சாயலாகப் படைத்த மனிதன் இதனால் உயர்கிறானா, தாழ்கிறானா?

1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் இந்தப் படியைக் கொண்டே ஆலைத் தொழிலை அளந்து, உழைப்பவனுக்கு நியாயக் கூலி கேட்டார். 'ரேரும் நோவாரும்' என்ற அந்த நிருபத்தின் பெயருக்குப் 'புதியவை பற்றி' என்று பொருள். 2025-ல் லியோ, அதாவது சிங்கராயர், என்னும் அதே நாமத்தைத் தரித்த 14-ம் சிங்கராயர், அந்த நிருபத்தை நினைத்தே இந்நாமத்தைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். செயற்கை அறிவு என்னும் புதுமையின் முன்னே தொழிலாளியின் மாண்பைக் காக்கவேண்டும் என்றார்.

ஆனால் யந்திரத்தைவிடப் பொல்லாத மாற்றம் ஒன்று நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. முப்பது வருஷம் கட்டை அடுக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயை, வேலை போனபின் "சும்மா உட்கார்ந்து தின்கிறாள்" என்று சொல்லக் கேட்கிறேன். கூலி உள்ளவரை மனுஷி, கூலி போனால் பாரம் என்று எண்ணுவதே இக்காலத்து அஞ்ஞானம்.

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தை வாசியுங்கள். கூப்பிடுவாரில்லாமல் பொழுது சாயும்வரை சந்தையில் நின்றவர்களுக்கும் எஜமான் முழுநாட் கூலி கொடுத்தார். அவர்கள் வீட்டிலும் உலை வைக்கவேண்டும் அல்லவா?

ஆகையால் முதலாளிகளே, புது யந்திரம் வாங்குமுன், வேலையிழக்கப் போகிறவளுக்கு அதை ஓட்டப் பழக்குங்கள். படித்த வாலிபர்களே, அவளுக்குச் சேரவேண்டிய பிராவிடண்டு பண்டு மனுவை எழுதிக் கொடுங்கள். வீட்டாரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் முதற் சோற்றை அவளுக்குப் போடுங்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குசுவாமி