பெயர் சொல்லிச் செபிப்பது

பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு கூட்டலை ஒப்பிப்பார். வடிவியல் 8, வரைபடம் 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. எங்கேயாவது ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கைப் பிடித்துவிட்டால் 35, பிள்ளை கரையேறிவிடும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ‘மெல்லக் கற்போர்’ என்று தனியாகப் பிரித்து உட்காரவைத்து, மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுத்து, வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லி உயிரை எடுப்போம். இத்தனை கறாராகக் கணக்குப் போடுகிற தொழிலில் செபத்துக்கு என்ன வேலை?

எங்கள் பள்ளி அறிவியல் சார் இதை என்னிடம் நேராகவே கேட்டார். கறுப்புச் சட்டைக்காரர், காலை வழிபாட்டில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார், உதடு மட்டும் அசையாது. “டீச்சர், முட்டி போட்டா மார்க் வருமா?” என்றார். வராது சார் என்றேன். அவருக்கு ஏமாற்றம், சண்டைக்குத் தயாராக வந்திருந்தார் போல.

மார்ச் மாதம் தெய்வங்களுக்கு ஓய்வில்லாத மாதம். கூத்தனூர் சரஸ்வதிக்கும் திருவந்திபுரம் ஹயக்ரீவருக்கும் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகக் கூட்டம் போகும். எங்கள் தூத்துக்குடியில் பனிமய மாதா கோவிலில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போவார்கள். பயந்துபோன பிள்ளைக்கு அது ஒரு பிடிமானம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆசிரியர் அதையே செய்தால்தான் எனக்கு உறுத்துகிறது. “நல்லா செபம் பண்ணு, பாஸாயிருவ” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அது தேறாமல் போனால்? கணக்கும் வரவில்லை, பக்தியும் போதவில்லை என்று இரண்டு பழியையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம். அதுவும் வகுப்பில் பாதிப் பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். என் விசுவாசம் என்னோடு இருக்கட்டும், கரும்பலகைக்கு அது வர வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரி.

பிறகு ஆசிரியருக்குச் செபம் எதற்கு? எனக்கு இதற்கு வழி காட்டியவர் லசால். லசால் என்ற பெயர் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தின் பெயராகத்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர், ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், பிரான்சின் ரேம்ஸ் நகரத்துக் குரு. வசதியான குடும்பம், பேராலயத்தில் நல்ல பதவி. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த, அதிகம் படிக்காத சில வாத்தியார்களுக்கு உதவி செய்யப் போய் மாட்டிக்கொண்டார். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்னமே தெரிந்திருந்தால் பக்கத்திலேயே போயிருக்கமாட்டேன் என்ற பொருளில் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். பதவியை விட்டார், பஞ்சத்தில் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்கள் எல்லாருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆசிரியர்களுக்கு அவர் எழுதிய தியானங்களில், விவிலியத்தில் யாக்கோபு கனவில் கண்ட ஏணியில் வானதூதர்கள் ஏறி இறங்கியதுபோல ஆசிரியரும் ஏறி இறங்க வேண்டும் என்கிறார். பிள்ளைகளின் தேவைகளைக் கடவுளிடம் கொண்டுபோகவேண்டும், பெற்றுக்கொண்டு திரும்பி வகுப்புக்கு வரவேண்டும். இதோடு நின்றிருந்தால் நானும் அவரைப் பிரசங்கிகளோடு சேர்த்திருப்பேன். அதே மனிதர் தம் பள்ளிகளுக்கு வகுத்த நடைமுறை நூல் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறிப்பேடு வைக்கச் சொல்கிறது. அவன் சுபாவம் என்ன, வீடு எப்படி, வராத நாளில் ஏன் வரவில்லை என்றெல்லாம். ஏணியில் ஏறுகிறவர் கையில் ஒரு நோட்டு இருந்திருக்கிறது. எதைக் கொண்டுபோகிறோம் என்று தெரியாமல் ஏறி என்ன பயன்?

நான் செபிப்பதும் வருகைப்பதிவேட்டை வைத்துத்தான். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை போட்டு முடித்தபின் பெயர்களை மனதுக்குள் ஒருமுறை வாசிப்பேன். ‘என் பிள்ளைகளை ஆசீர்வதியும்’ என்று மொத்தமாகச் சொல்வது சுலபம், அதில் ஒரு முகமும் வராது. பெயர் பெயராகப் போனால் சில பெயர்களில் நாக்கு தட்டும். இந்தப் பிள்ளைக்காக என்ன கேட்பது என்று தெரியாது, ஏனென்றால் அதைப்பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. கடைசிப் பெஞ்சில் சத்தமில்லாமல் இருந்து, 28, 31 என்று வாங்கிப்போகும் பிள்ளை அது. அப்படித் தட்டிய ஒரு பெயர்தான் என்னை உப்பளப் பக்கத்து வீடு ஒன்றுக்கு அனுப்பியது. அம்மா விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார். சோறாக்கி, தம்பி இரண்டு பேரையும் கிளப்பிவிட்டு, கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வருகிறவளுக்கு என் முதல் பீரியடில் பாதி எப்போதுமே கிடையாது. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்குக்குத்தான் அவளால் வர முடியவில்லை. கணக்கைக் கடைசிப் பீரியடுக்கு மாற்றித் தரச்சொல்லித் தலைமையாசிரியரிடம் நின்றேன். என் செபத்துக்கு அன்று கிடைத்தது டைம்டேபிளில் ஒரு மாற்றம்.

இதை அறிவியல் சாரிடம் சொன்னபோது, “இதுக்கு எதுக்கு டீச்சர் சாமி? விசாரிச்சாப் போதுமே” என்றார். நியாயம்தான். அவர் என்னைவிட அதிகமாக வீடுகளுக்குப் போகிறவர். சாரைப் பார்க்கும்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். போலந்து நாட்டு யானுஷ் கோர்ச்சாக், பிரார்த்தனை செய்யாதவர்களின் பிரார்த்தனைகள் என்றே 1922-இல் ஒரு புத்தகம் எழுதினார். குழந்தை மருத்துவர், வார்சாவில் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியவர். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழியிருந்தும் அவர்களோடே போனார். அவருடைய மதம் எது, எவ்வளவு என்று அளந்துகொண்டிருப்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

சாருக்கும் எனக்கும் வித்தியாசம் வேறொரு இடத்தில் வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பேசியும் சில பிள்ளைகள் திரும்புவதில்லை. ஒருவன் படகுக்குப் போய்விடுவான். இன்னொருத்திக்குச் சத்தமில்லாமல் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்; நாம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்வதற்குள் ஊரை மாற்றிவிடுவார்கள். நம் வேலை பலித்ததா என்று பத்து வருடம் கழித்தும் தெரியாத தொழில் இது. அந்த இரவுகளில் சாருக்குத் தூக்கம் வருவதில்லை என்று அவர் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் தூங்கிவிடுகிறேன். அந்தப் பெயரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்ட தூக்கம் அது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற சாமர்த்தியம் என்று அவர் சொல்லலாம். மறுநாள் காலையில் அதே பெயரில் நாக்கு மறுபடி தட்டுகிறவரை அப்படி இல்லை என்றுதான் நம்புகிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்ததும் துணைத்தேர்வுக்குக் கட்ட வேண்டிய பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பிடிக்கவேண்டும். பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு, பைக் சாருடையது.